இலேசான பெட்டி, காய்ந்த ஒலி: புளூஸ் கிற்றார் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கிற்றார் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதிலளிக்கிறோம். மேற்பலகையை வயலின்போலக் குடைந்து வளைக்காமல், தட்டையான பலகையில் செய்த எஃகுத் தந்திக் கிற்றாரையே பிளாட்-டொப் என்கிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸைப் பழகுபவர்கள் 1920, 30களில் செய்த பிளாட்-டொப்களைத் தேடித் திரிவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் காரணமேதான் வன்னி வெயிலிலும் மாரியிலும் அவற்றைத் தொல்லைப்படுத்துகிறது.

கேள்வி (கிளிநொச்சி): என்னிடம் புதிய ட்ரெட்னோட் கிற்றார் இருக்கிறது. ஸ்வரம் பிசகாமல் வாசித்தாலும் பழைய புளூஸ் பதிவுகளில் கேட்கிற ஒலி வரவில்லை. அந்தக் காலத்துக் கிற்றாரில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: உங்கள் கிற்றாரில் குறை இல்லை. அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது. 1931இல் மார்ட்டின் நிறுவனம் தன் பெயரில் வெளியிட்ட ட்ரெட்னோட் பெரிய பெட்டி. பாடுபவருக்குப் பின்னால் நின்று நீண்டு முழங்கும் அடித்தொனி தருவது அதன் பலம். நாட்டுப்புற புளூஸில் நடப்பது வேறு. கட்டைவிரல் ஒவ்வொரு அடிக்கும் கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் தடித்த தந்திகளைத் தட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டைச் சொல்லும். கட்டைவிரல் தட்டிய தொனி அடுத்த அடிக்குள் அடங்காவிட்டால் மேலே பேசுகிற பாட்டு அதற்குள் அமிழ்ந்துவிடும். சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிற ஒலிதான் இந்த வாசிப்புக்கு வேணும்.

சிறிய பழைய பெட்டிகள் அதைத் தருவது மூன்று விதமாக. ஒன்று, அளவு. 1930களின் கிப்சன் எல்-00 அகன்ற இடத்தில் 14¾ அங்குலம், அதாவது 375 மி.மீ. மட்டுமே. இரண்டாவது, எடை. மெல்லிய மேற்பலகை, மெல்லிய லாக்கர் பூச்சு, இலேசான பிறிட்ஜ் (தந்திகளைப் பலகையில் பிடித்திருக்கும் கட்டை). பலகைக்குப் பாரம் குறைந்தால் விரல் தொட்ட உடனே அது அசையும். மூன்றாவது, பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கிற தாங்கு சட்டங்கள், அதாவது பிரேஸ். நியூ ஜேர்சி மாநிலத்தின் ஜேர்சி சிற்றியில் ஒஸ்கார் ஷ்மிட் நிறுவனம் செய்த ஸ்டெல்லா கிற்றார்களிலும், கிப்சன் தன் மலிவு வரிசையாக விற்ற கலமசூ கேஜி-11, கேஜி-14 கிற்றார்களிலும் இந்தச் சட்டங்கள் தந்திக்குக் குறுக்காக ஏணிப்படிபோல ஒட்டப்பட்டிருக்கும். மார்ட்டினும், கிப்சனின் விலை கூடிய வரிசைகளும் பெருக்கல் குறி வடிவத்தில் ஒட்டின. ஏணிப் பிரேஸ் உள்ள பலகையில் அடிப்படைத் தொனி முன்னுக்கு நிற்கும், மேற்சுரங்கள் குறையும், ஒலி சீக்கிரம் சாகும். கேட்பதற்குக் காய்ந்த, கொஞ்சம் கரகரத்த குரல். செலவு குறைக்கச் செய்த வேலை இந்த இசைக்கு அச்சொட்டாகப் பொருந்திவிட்டது.

பிறிட்ஜுக்குப் பக்கத்தில் விரல் மூட்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தந்திகளை மற்றக் கையால் பொத்திக்கொள்ளுங்கள். இலேசான பெட்டி 'தும்' என்று தாழ்ந்து பதில் சொல்லும். பாரமான பிளைவூட் பெட்டி 'டக்' என்று மேசையில் தட்டின சத்தம் போடும். ஆண்டு, பெயர், விலை எதையும் பார்க்க முன்னர் இதைச் செய்யலாம்.

வயதாலும் பலகை மாறுகிறது. காலம் போகப்போக மரத்திலுள்ள சில கூறுகள் சிதைந்து எடை சற்றுக் குறைகிறது. ஆனால் எங்கள் கணிப்பில் வயதைவிட வேலைப்பாட்டுக்கே பெரும்பங்கு. பாரமாகச் செய்த கிற்றார் 90 ஆண்டு கிடந்தாலும் பாரமாகத்தான் ஒலிக்கும்.

அந்தப் பதிவுகளின் கருவியையும் நினைவில் வையுங்கள். 1925க்குப் பின் மின்முறைப் பதிவு வந்தாலும் ஏறக்குறைய 5,000 தொடக்கம் 6,000 ஹேர்ட்ஸுக்கு மேல் அதிகம் பதியவில்லை. மினுக்கமான மேல்தொனி உங்கள் கிற்றாரில் இருக்கிறது. அந்த இசைத்தட்டில் அதற்கு இடமே இல்லை. வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிறிட்ஜின்மேல் வைத்து தடித்த 6ஆம், 5ஆம், 4ஆம் தந்திகளை மட்டும் மெல்ல அமத்தி வாசித்துப் பாருங்கள். பாதித் தூரம் அதிலேயே கடந்துவிடலாம்.

கேள்வி (வவுனியா): 1930களின் புளூஸ் கலைஞர் றொபேட் ஜோன்சன் வாசித்த கிற்றார் எது? அதையே வாங்க ஆசை.

பதில்: மெம்பிஸ் நகரின் ஸ்ரூடியோவில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் அவர் பிடித்திருப்பது கிப்சன் எல்-1 பிளாட்-டொப். 1936இல் சான் அன்ரோனியோவிலும் 1937இல் டலஸிலும் அவர் பதிவு செய்தது அதே கருவியால்தான் என்பதற்குச் சான்று இல்லை. மற்றப் புளூஸ், நாட்டார் கலைஞர்களையும் பாருங்கள். லெட் பெல்லியிடம் 12 தந்தி ஸ்டெல்லா, லைற்னிங் ஹொப்கின்ஸிடம் கிப்சன் ஜே-50, எலிசபெத் கொட்டனிடம் மார்ட்டின் 00-18. மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் 1960களில் மேடைக்குத் திரும்பியபோது வாசித்தது கில்ட் எஃப்-30. ஒரே கிற்றாரில் இந்த இசை பிறக்கவில்லை. கிடைத்ததை எடுத்தார்கள். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): சித்தப்பா மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து வரும்போது 1930களின் கலமசூ கிற்றார் ஒன்று கொண்டுவந்து தந்தார். வந்த புதிதில் நல்லாக இருந்தது. சில கிழமைகளில் தந்தி உயர்ந்து 7ஆம் பிரெட்டுக்கு (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலே அமத்தவே முடியவில்லை. மேற்பலகையும் பிறிட்ஜுக்குப் பின்னால் புடைத்திருக்கிறது. கழுத்து வளைந்துவிட்டதா?

பதில்: முதலில் ஆறு தந்திகளையும் ஒரு முழுத்தொனி இறக்கிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடாக்கி ஓடும். உள்ளே ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழேயும் போகும். உங்கள் ஊரில் மாரி நாட்களில் 80க்கு மேல். 30இல் நிற்கிற மரத்துக்குள் ஏறக்குறைய 6 சதவீதம் நீர் இருக்கும். 80இல் 16 சதவீதம். இந்த வித்தியாசத்துக்கு 375 மி.மீ. அகலமான ஸ்ப்ரூஸ் (கிற்றார் மேற்பலகைக்குப் பயன்படும் ஊசியிலை மரம்) பலகை ஒன்றைத் தனியே விட்டால் 4 தொடக்கம் 5 மி.மீ. வரை அகலும். கிற்றாரில் ஓரங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. குறுக்கே ஒட்டிய பிரேஸ் தன் நீளவாட்டில் நீளாது. பலகைக்கு அகலப் போக வழியில்லை, அதனால் மேலே எழும்புகிறது. பிறிட்ஜும் கூடவே எழும்புகிறது, தந்தியும் உயர்கிறது. பலகை மெல்லிசாக இருப்பதால்தான் இவ்வளவு வேகமாக நடந்தது.

கழுத்தைத் தனியே பார்க்க வேணும். தந்தியைச் சுருதியில் வைத்து, 6ஆம் தந்தியை 1ஆம் பிரெட்டிலும் 14ஆம் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அமத்துங்கள். நடுவில் 7ஆம் பிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே 0.1 தொடக்கம் 0.25 மி.மீ. இடைவெளி நின்றால் கழுத்து நேராக இருக்கிறது. அரை மி.மீ.க்கு மேல் போனால் முன்வளைவு. கலமசூவில் கழுத்துக்குள் சரிசெய்யும் இரும்புக் கம்பி இல்லை. கிப்சன் பெயருள்ளவற்றில் 1920களிலிருந்தே உண்டு. மார்ட்டினில் 1985இல்தான் வந்தது. ஆகவே உங்களுடையதில் திருகித் திருத்த எதுவுமில்லை. தந்தியின் இழுவையைக் குறைப்பதுதான் வழி.

கழுத்து நேராக இருந்தால் சடிலை (பிறிட்ஜில் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டை) இப்போது அராவி இறக்காதீர்கள். வைகாசி, ஆனியில் சோளகம் அடிக்கத் தொடங்கப் பலகை காய்ந்து தாழும்; அப்போது தந்தி பிரெட்டில் பட்டு இரையும், அராவிய எலும்பு திரும்பி வராது. பழைய சடிலைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, மாரிக்கென்று இன்னொரு சடில் செய்து வையுங்கள். கணக்கு எளிது: 12ஆம் பிரெட் தந்தி நீளத்தின் பாதியில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. குறைய வேணுமென்றால் சடிலில் 2 மி.மீ. எடுக்க வேணும். 12ஆம் பிரெட்டில் 6ஆம் தந்திக்கு 2.4 தொடக்கம் 2.8 மி.மீ., 1ஆம் தந்திக்கு 1.6 தொடக்கம் 2 மி.மீ. வைத்தால் விரலுக்கு இதம். போத்தல் கழுத்தை விரலில் மாட்டி இழுத்து வாசிப்பவர்களுக்கு 3 மி.மீ. வேணும்.

மாரி முடியும்வரை கிற்றார் அதன் உறைப்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், உள்ளே சிறிய ஈரமானியும் சிலிக்கா ஜெல் பொதிகளும் போடுங்கள். 45க்கும் 60க்கும் இடையில் நின்றால் போதும். பொதிகளைக் கிழமைக்கு ஒருமுறை பார்த்து, நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திப் போடவேணும். சுவரில் மாட்டாதீர்கள், மாரியில் சுவர் ஊறும்.

வெயில் இதைவிடக் கொடியது. பழைய கிற்றார்கள் மாட்டுத்தோலில் காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டவை. 60 பாகை செல்சியஸை நெருங்கும்போது, அதுவும் ஈரம் சேர்ந்தால், அந்தப் பசை பிடி விடும். நண்பகலில் ஏ9 ஓரத்தில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூடு வந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல்தட்டில் வைப்பதும் ஆகாது. கட்டிலுக்குக் கீழே வைத்தால் சூடு குறைவு, ஆனால் உறைப்பெட்டி நிலத்தில் படக்கூடாது. இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். கறையான் மண் ஏறுகிறதா என்று அப்போதுதான் கண்ணில் படும்.

கேள்வி (அடம்பன், மன்னார்): இலண்டனிலுள்ள அக்கா பழைய கிற்றார் ஒன்றைப் பார்த்து வாங்கி அனுப்புகிறேன் என்கிறா. அவவுக்குக் கிற்றார் தெரியாது. எதைப் பார்க்கச் சொல்வது?

பதில்: கைபேசி, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, இரும்பு அடிமட்டம், ஒரு துண்டு மெல்லிய கடதாசி. இவ்வளவும் அக்காவிடம் இருந்தால் போதும்.

அடிமட்டத்தைப் பிரெட்டுகளின்மேல், தந்திகளுக்கு நடுவே நீளவாட்டில் வைத்துப் பிறிட்ஜ்வரை தள்ளச் சொல்லுங்கள். அடிமட்டத்தின் நுனி பிறிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் கழுத்தின் கோணம் சரி. விளிம்புக்கு 2 மி.மீ. கீழே முட்டினால் கழுத்தை ஆவியடித்துக் கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டிவரும். தொழில் தெரிந்தவர் செய்யும் வேலை அது, செலவும் அதிகம். இங்கே வந்த பிறகு செய்விப்பது கஷ்டம். விற்பவர் 'தந்தி உயரம் குறைவுதான்' என்று சொன்னால் சடிலையும் பார்க்கவேணும். பிறிட்ஜுக்கு மேலே எலும்பு 2 மி.மீ.கூட இல்லையென்றால், கோணம் கெட்டதை மறைக்கச் சடிலை அராவியிருக்கிறார்கள். சிலர் பிறிட்ஜையே சீவிவிடுவார்கள். அதன் உயரம் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

கடதாசியைப் பிறிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே தள்ளிப் பார்க்கவேணும். உள்ளே போனால் பிறிட்ஜ் தூக்கத் தொடங்கிவிட்டது. பிறகு கண்ணாடியை ஒலித்துளைக்குள் விட்டு, கைபேசி வெளிச்சத்தில் பிரேஸ் ஒவ்வொன்றின் நுனியையும் பார்த்துப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். மேற்பலகையை வெளியே இருந்து விரலால் தட்டிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் மட்டும் இரைச்சல் வந்தால் அந்தப் பிரேஸ் விட்டிருக்கிறது. விட்ட பிரேஸைக் கண்டு பயப்பட வேண்டாம், ஒட்டலாம். மேற்பலகையில் வெடிப்பு இருந்தாலும் ஒட்டி உள்ளே தட்டுப் போட்டிருந்தால் ஒலிக்குக் கெடுதி பெரிதில்லை, விலையும் குறையும். கழுத்தின் அடிக்கட்டை வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

வயதை அறிய உள்ளே பார்க்கவேணும். சிக்காகோவின் ஹார்மனி கிற்றார்களில் பின்பலகையின் உட்புறம் மை முத்திரையில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். 1930களின் கிப்சனிலும் கலமசூவிலும் கழுத்துக்கட்டையில் தொழிற்சாலை இலக்கம் குத்தியிருக்கும்.

கேள்வி (முல்லைத்தீவு): பழைய மார்ட்டினைக் கொண்டுவரச் சுங்கத்தில் தடை உண்டா?

பதில்: மரத்தைப் பொறுத்தது. பிரேசில் றோஸ்வூட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தில் முதுகோ பக்கமோ உள்ள கிற்றார் சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிபோகும். 1960கள்வரை செய்த மார்ட்டின் 28ஆம் வரிசைக் கிற்றார்கள் பெரும்பாலும் அந்த மரம்தான். 18ஆம் வரிசையில் 1917க்குப் பின் செய்தவற்றின் முதுகும் பக்கங்களும் மகோகனி. ஆனால் அவற்றின் பிறிட்ஜோ விரற்பலகையோ றோஸ்வூட்டாக இருக்கலாம், மிகப் பழையவற்றில் நட் (கழுத்தின் நுனியில் தந்திகளைத் தாங்கும் துண்டு) யானைத்தந்தமாகவும் இருக்கலாம். அனுப்ப முன்னர் அந்த நாட்டு அதிகாரிகளிடமும் இலங்கைச் சுங்கத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வவுனியா): என் பழைய ஹார்மனிக்கு என்ன தந்தி போடலாம்? கடையில் 'லைற்' என்று எழுதியதைத் தருகிறார்கள்.

பதில்: 'லைற்' என்று வருவது பெரும்பாலும் 12 தொடக்கம் 53 (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்). சாதாரண சுருதியில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். ஏணிப் பிரேஸ் பெட்டிக்கு 11–52 போடுங்கள், சுமார் 65 கிலோ. பலகை ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் 10–47, சுமார் 60. 13–56 வேண்டவே வேண்டாம்.

12–53 தான் கிடைக்குமென்றால் சுருதியை இறக்குங்கள். அரைத்தொனி இறக்கினால் இழுவை 11 சதவீதம் குறையும், முழுத்தொனி இறக்கினால் 21 சதவீதம். தடித்த தந்தியின் நிறைவான குரலும் கிடைக்கும், பெட்டிக்கும் ஆறுதல். கிப்சன் வகையின் 24¾ அங்குலத் தந்தி நீளத்தில், மார்ட்டினின் 25.4 அங்குலத்தைவிட இழுவை 5 சதவீதம் குறைவாக இருப்பதால் தந்தியை வளைத்து வாசிப்பதும் இலகு.

திறந்த சுருதிகளிலும் இதே கணக்கு. புளூஸ்காரர் 'ஸ்பானிஷ்' என்று சொல்லும் சுருதி 6ஆம் தந்தியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. 'வஸ்டபோல்' என்பது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இரண்டிலும் எந்தத் தந்தியும் ஏறாது, சில இறங்கும்; பழைய பெட்டிக்கு நல்லது. இவற்றையே ஏ, ஈ என்று ஒரு தொனி உயர்த்தி வைப்பவர்கள் உண்டு. முழுத்தொனி ஏற்றிய ஒவ்வொரு தந்தியிலும் இழுவை 26 சதவீதம் கூடும். பிறிட்ஜ் தூக்குவது இப்படித்தான். உயர்ந்த சுருதி வேணுமென்றால் 2ஆம் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அமத்தும் கவ்வி) போடுங்கள்.

கேள்வி (மல்லாவி, மரவேலை செய்பவர்): பழைய கிற்றார் ஒன்றின் பிறிட்ஜ் வெடித்துப் போய் என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் ஊர் மரத்தில் செய்யலாமா? முழுக் கிற்றாரும் செய்யலாமா?

பதில்: பிறிட்ஜுக்கு முதிரை அருமையான மரம். கன மீற்றருக்கு ஏறக்குறைய 900 கிலோ, றோஸ்வூட்டுக்குக் கிட்ட. 152 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம் என்ற பழைய நீள்சதுர வடிவில் செய்தால் 27 கிராம் வரும். 30 கிராமைத் தாண்டவிடாதீர்கள். அங்கே கூடுகிற ஒவ்வொரு கிராமும் ஒலியைத் தின்னும். பாலை இன்னும் பாரம், தவிருங்கள். புது மரம் தேடி அனுமதிப் பத்திரத்துக்கு அலையத் தேவையில்லை. உடைந்த பழைய கதவு நிலையிலோ கட்டில் காலிலோ ஒரு துண்டு எடுத்தால் அது பல ஆண்டு காய்ந்த மரமாகவும் இருக்கும்.

மேற்பலகை இலேசாகப் புடைத்திருக்கும். பிறிட்ஜின் அடியைத் தட்டையாகச் சீவி ஒட்டினால் ஓரங்கள் பிடிக்காது. பலகையின்மேல் சாண்ட் பேப்பரை மேல்நோக்கி விரித்து, பிறிட்ஜை அதன்மேல் தேய்த்து அதே வளைவுக்குக் கொண்டுவாருங்கள். பிறிட்ஜ் இருக்கும் இடத்தில் லாக்கரைச் சுரண்டி வெறும் மரம் தெரியவேணும். சாதாரண வெள்ளை மரப்பசை இங்கே கூடாது. காய்ந்தாற்போலத் தெரிந்தாலும், வெயில் சூட்டில் தந்தி இழுக்க இழுக்க மெல்ல வழுக்கிக்கொண்டே போகும். வச்சிரத்தை இரட்டைப் பாத்திரத்தில் 60 தொடக்கம் 65 பாகையில் வைத்து, பலகையையும் பிறிட்ஜையும் சற்றுச் சூடாக்கிப் பூசுங்கள். அது ஆறி உறைய முன்னர் பிடிகட்டைகள் ஒலித்துளை வழியாகப் போய் இறுக வேணும். பசை இல்லாமல் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். 24 மணித்தியாலம் இறுக்கியே வைத்து, 48 மணித்தியாலம் கழித்துத் தந்தி போடலாம். எபொக்சி போட்டால் அடுத்து வருகிறவர் பலகையைப் பிய்த்துத்தான் கழற்றவேணும்.

முழுக் கிற்றாருக்கு மேற்பலகை முதிரையில் ஆகாது. ஸ்ப்ரூஸ் கன மீற்றருக்கு 400 தொடக்கம் 450 கிலோதான். 2.5 மி.மீ. கனத்தில் அது தருகிற விறைப்பை முதிரையில் எடுத்தால் இரண்டு மடங்கு பாரம் வரும். மேற்பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் வரவழையுங்கள். விரற்பலகை, பிறிட்ஜ் எல்லாம் ஊர் மரத்தில் செய்யலாம்.

கேள்வி (மாங்குளம்): கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். பழையது வாங்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கோயிலில் மாரியும் கோடையும் ஒரே இடத்தில் கிடக்கிற கருவிக்குப் பிளைவூட் குற்றமில்லை, ஈரத்துக்கு அது அதிகம் அசையாது. 1966இல் வெளிவந்த யமஹா எஃப்ஜி-180, எஃப்ஜி-150 வரிசைகள் உள்ளே சிவப்பு லேபிளோடு இன்னும் கைமாறுகின்றன. எஃப்ஜி-180இன் மேற்பலகை பிளைவூட்தான், ஆனாலும் நன்றாக ஒலிக்கும். புளூஸுக்கு இரண்டில் சிறிய பெட்டியான 150 நல்லது. அமெரிக்காவில் கொலிங்ஸ் நிறுவனம் கலமசூவைப் பார்த்து 2014 முதல் வோட்டலூ என்ற பெயரில் இலேசான பெட்டிகள் செய்கிறது, விலை மலிவல்ல.

கையிலிருக்கிற கிற்றாரில் பிளாஸ்ரிக் சடிலைக் கழற்றி மாட்டெலும்பில் ஒன்று செய்து போடுங்கள், அடிப்பாகம் பள்ளத்தில் முழுதாகப் படியவேணும். 11–52 தந்தி போட்டு அரைத்தொனி இறக்குங்கள். பிறிட்ஜுக்கு முன்னால் தடித்த மூன்று தந்திகளுக்கு அடியில் மட்டும் விரலளவு பஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகினால் அடித்தொனி அடங்கும். உள்ளங்கையால் அமத்தப் பழகும்வரை அப்படியே இருக்கட்டும். பாட்டுக்குச் சுரம் பிடித்துப் பின்னணி வாசிக்கும் நாளில் அதை எடுத்துவிடுங்கள்.